சிறைக் காவலும் கைதியின் உரிமையும்

சிறைக்கூடம் என்றதும் உயர்ந்த மதிலும் இரும்புக் கதவும் பெரும் பூட்டுமே பலர்தம் நினைவில் எழுவன. ஆயின், மதிலும் கதவும் பூட்டும் தாமே ஒரு சிறையை நடாத்தமாட்டா. உணவைக் கொணர்வதற்கும், நோயுற்றோனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும், முற்றத்திலே உலவவிட்டுக் காவல் செய்வதற்கும், உறவினர் வந்துழி உடனிருந்து கண்காணிப்பதற்கும் ஆட்கள் வேண்டும். பூட்டுவதற்கு ஒருவன் போதும். திறந்து வைப்பதற்குப் பலர் வேண்டும். சிறை வரலாற்றின் பெரும்பகுதியை விளக்கவல்ல உண்மை இஃது எனலாம். காவலுக்கெனச் செலவிடவேண்டிய பணத்தை அரசு செலவிடாது விடுமிடத்து, அக்குறையைக் கைதியே தன் உடலாலும் உள்ளத்தாலும் ஈடு செய்ய நேர்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்து முதலாக இருபத்தோராம் நூற்றாண்டின் ஐக்கிய அமெரிக்கா ஈறாக இவ்வுண்மை எவ்வெவ் வடிவங்களிலே தோன்றியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1773 ஆம் ஆண்டிலே யோன் ஹவாட் என்பார் பெட்போட்சயர் கவுண்டியின் உயர் ஷெரிப் பதவியை ஏற்றார். அப்பதவியை ஏற்றவர் பலர் தம் கீழுள்ள மறியற்சாலையை எட்டியும் பாராதவர். ஹவாட் அத்தகையர் அல்லர். அவர் இளமையிலே கடற் பிரயாணஞ் செய்தபொழுது பிரெஞ்சுக்காரராற் பிடிக்கப்பட்டு, பிறெஸ்ற் என்னும் துறைமுக நகரிலே சிறைத் துன்பத்தைத் தாமே நுகர்ந்தவர். பெட்போட் மறியற்சாலையுட் புகுந்து பார்த்த அவர் ஆங்குக் கண்ட காட்சி அவரைத் திடுக்குறச் செய்தது. குற்றமற்றவர் என யூரிமாராலே தீர்க்கப்பட்டோரும், வழக்கே தொடரப்படாதோரும் மீண்டும் சிறைக்குள் இழுத்துச் செல்லப்பட்டு அடைக்கப்பட்டிருந்தனர். காரணம் யாது? சிறைக்காவலனுக்குரிய கட்டணத்தை அவர்கள் செலுத்தவில்லை. அக்காவலனுக்கு அரசு சம்பளம் கொடுத்ததில்லை. கைதிகளிடத்து அறவிடும் கட்டணமே அவனது சீவனோபாயம்.

கட்டணத்துக்குப் பதிலாகக் காவலனுக்குச் சம்பளம் வழங்குதல் வேண்டுமென ஹவாட் சமாதான நீதவான்களைக் கேட்டார். அவர்கள் அதனை மறுத்திலர். ஆயின், பொதுப் பணத்தை இவ்வாறு செலவிடுதற்கு வேறெங்கேனும் முன்மாதிரி உண்டோ என வினவினர். முன்மாதிரியைத் தேடி ஹவாட் அயற் கவுண்டிகளுக்குக் குதிரையேறிச் சென்றார். அவர் தேடியது கிடைக்கவில்லை. சென்ற இடமெல்லாம் அதே அநீதியே மலிந்திருந்தது. அந்தத் தேடலே அவர்தம் வாழ்நாட் பணியாய் முடிந்தது.

சம்பளமில்லாக் காவலின் விளைவுகள் கட்டணத்தோடு நின்றனவல்ல. காவலர் சிலராகவும் கட்டடம் உறுதியற்றதாகவும் இருந்த இடங்களிலே ஆட்காவலின் இடத்தை இரும்பு விலங்கு பெற்றது. பாரமான விலங்குகளைப் பூண்டு நடக்கவும் படுக்கவும் கைதிகள் வருந்தினர். விலங்கின் பாரத்தைக் குறைப்பதற்கும் காவலன் காசு வாங்கினான். அக்காலத்துச் சன்னல் வரியைச் சிறைக்காவலனே இறுக்க வேண்டியிருந்தமையால், அவன் சன்னல்களை அடைத்துவிட்டு வரியை மிச்சம் பிடித்தான். காற்றும் ஒளியுமின்றிப் புழுங்கிய அறைகளிலே சிறைக்காய்ச்சல் பரவிற்று. தூக்குமரத்தில் மாண்டோரினும் அக்காய்ச்சலால் மாண்டோரே மிகுதி என்பது ஹவாட் கண்ட முடிபு. எந்த நீதவானும் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தவனல்லன். ஒரு வரியும் ஒரு சம்பளக் குறைவும் சேர்ந்து அத்தண்டனையை நிறைவேற்றின.

1774 ஆம் ஆண்டிலே ஆங்கிலப் பாராளுமன்றம் ஹவாட்டின் சாட்சியத்தைக் கேட்டு இரு சட்டங்களை இயற்றிற்று. விடுதலை பெற்றோர் உடனே வெளியேறுதல் வேண்டும், காவலனுக்குரிய கட்டணத்தைக் கவுண்டியே இறுத்தல் வேண்டும் என்பது ஒன்று. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசுதல், காற்றோட்டம் அளித்தல், நோயாளர்க்குத் தனி அறைகள் அமைத்தல் என்பவற்றை விதித்தது மற்றையது. சட்டம் இயற்றப்படுதல் வேறு, நடைமுறைக்கு வருதல் வேறு என்பதை நன்கு உணர்ந்திருந்த ஹவாட், அச்சட்டங்களைத் தம் சொந்தச் செலவிலே பெரிய எழுத்துக்களில் அச்சிடுவித்துச் சிறைக்காவலர் ஒவ்வொருவர்க்கும் அனுப்பினார். 1777 இலே சிறைகளின் நிலைபற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. 1790 இலே கேர்சன் என்னும் நகரில், பிறர் நோய் தீர்க்கச் சென்ற இடத்தே, காய்ச்சலுற்று அவர் உயிர் நீத்தார். சிறைக்காவலன் அரசின் சம்பளம் பெறும் ஊழியனாதல் வேண்டும் என்னும் கொள்கையே அவர் விட்டுச்சென்ற செல்வங்களுள் தலையாயது.

அடுத்த நூற்றாண்டிலே சிந்தனை வேறொரு வழிச் சென்றது. கைதியைத் தனித்திருக்கச் செய்தால் அவன் தன் குற்றத்தை எண்ணி மனந்திரும்புவான் என அமெரிக்கச் சீர்திருத்தவாதிகள் நம்பினர். 1821 ஆம் ஆண்டு நத்தார்த் தினத்திலே நியூயோர்க் மாநிலத்தின் ஓபன் சிறையில் எண்பதின்மர் தொழிலுமின்றித் துணையுமின்றித் தனித் தனிச் சிற்றறைகளுள் அடைக்கப்பட்டனர். விளைவு அஞ்சத்தக்கதாயிற்று. ஓராண்டுக்குள் ஐவர் மாண்டனர்; ஒருவன் சித்தம் பேதலித்தான்; வேறொருவன் கதவு திறந்த சமயம் பார்த்து மேன்மாடத்தினின்றும் கீழே குதித்தான். இருபத்தறுவரை ஆளுநர் மன்னித்து விடுதலை செய்தார். அவர்களுட் பதினால்வர் மீண்டும் குற்றஞ் செய்து சிறை புகுந்தனர் என, 1831 இலே அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சு அறிஞராகிய பொமோனும் தொக்குவிலும் தம் அறிக்கையிற் குறித்தனர். தனிமை மனிதனைத் திருத்தவில்லை, அவனை அழித்தது. ஓபன் சிறை அம்முறையைக் கைவிட்டது.

பிலடெல்பியா நகரிலே 1829 இல் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறை தனிமைக் கொள்கையை மேலும் விரிவாகக் கையாண்டது. எனினும், அதனைச் சமைத்தோர் செய்த ஓர் ஏற்பாடு ஈண்டு நினைத்தற்குரியது. நிலத்தளத்திலிருந்த சிற்றறை ஒவ்வொன்றுக்கும் பின்புறத்தே மதில் சூழ்ந்த ஒரு சிறு முற்றம் அமைக்கப்பட்டது. நாடோறும் கைதி ஆங்கே நின்று வானத்தைப் பார்க்கலாம். அவனுக்குக் கைத்தொழில் உண்டு. அதிகாரியும் போதகரும் அவனிடம் வந்து உரையாடுவர். இத்துணை இருந்தும், 1842 இலே அச்சிறையைப் பார்வையிட்ட சாள்ஸ் டிக்கென்ஸ் அம்முறையைக் கொடுமை எனவே கண்டித்தெழுதினார். தனிமையையே அறமெனப் போற்றியோரும் கைதிக்கு வானமும் தொழிலும் உரையாடலும் வேண்டுமென ஒப்பினர் என்பது, பிற்காலத்து நிகழ்ச்சிகளோடு ஒப்பிடும்பொழுது வியப்பைத் தருவது.

1890 இலே மெட்லி வழக்கில் ஐக்கிய அமெரிக்க மீயுயர் நீதிமன்றம் இவ்வனுபவம் முழுவதையும் திரட்டி ஒரு தீர்ப்பு வழங்கிற்று. மரண தண்டனை பெற்ற ஒருவனைத் தண்டனை நிறைவேறும் வரை தனிமையில் அடைக்கும்படி கொலராடோ மாநிலம் புதிதாகச் சட்டஞ் செய்திருந்தது. அவன் கொலை செய்த காலத்தில் அச்சட்டம் இருக்கவில்லை. தனிமையடைப்பு வெறும் நிருவாக ஒழுங்கன்று, அதுவே மேலதிகமான ஒரு தண்டனை என நீதியரசர் மில்லர் வரையறுத்தார். சிறிது காலத் தனிமையே பலரை மந்த புத்தியினராக்கிற்று, சிலரைப் பித்தராக்கிற்று, வேறு சிலரைத் தற்கொலைக்குத் தள்ளிற்று என்பதை அவர் எடுத்துக்காட்டினார். தனிமையடைப்பு ஒரு தண்டனையெனின், குற்றமும் தீர்ப்புமின்றி அதனை ஒருவன்மேற் சுமத்தலாகாது. இம்முடிபின் முழுப் பொருளும் வெளிப்பட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது.

ஏனெனில், அந்நாளிற் கைதிக்கு உரிமை உண்டு என்பதையே பலர் ஏற்றிலர். 1871 இலே வேர்ஜினியா நீதிமன்றம் ஒன்று கைதியைத் தண்டனைக் காலத்துக்கு அரசின் அடிமை எனவே கூறிற்று. அடிமை என்னும் அச்சொல் வெறும் உருவகமன்று என்பதை ஆக்கன்சோ மாநிலம் காட்டிற்று. அம்மாநிலத்தின் கம்மின்ஸ், ரக்கர் என்னும் சிறைப் பண்ணைகள் தம் செலவைத் தாமே தேடிக்கொள்ள வேண்டுமென அரசு எதிர்பார்த்தது. கைதிகள் கூலியின்றிப் பருத்தி முதலிய பயிர்களை விளைவித்தனர். காவலர்க்குச் சம்பளம் கொடுத்தல் வீண் செலவு எனக் கருதப்பட்டமையால், கைதிகளுட் சிலரையே தெரிந்து அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் காவல் செய்வித்தனர். கம்மின்ஸ் பண்ணையிலே ஆயிரவருக்குச் சற்றுக் குறைந்த கைதிகளுக்குச் சம்பளம் பெற்ற ஊழியர் 35 பேரே இருந்தனர். அவருட் காவற் கடமைக்குக் கிடைத்தவர் எண்மர். இரவிற் கடமையாற்றியவர் இருவர். இரவு வந்ததும் கைதிகள் பெருங் கூடங்களுள் அடைத்துப் பூட்டப்பட்டனர். உள்ளே காவலரில்லை. உறங்குவோரைக் கத்தியாற் குத்தும் கொடியோர் இருளிற் படுக்கைகளிடையே ஊர்ந்து திரிந்தனர். அச்சமுற்றோர் கம்பிக் கதவைப் பற்றிக்கொண்டு விடியுமட்டும் நின்றனர்.

இவ்வுண்மைகள் 1969 இலும் 1970 இலும் ஹோல்ற் எதிர் சாவர் என்னும் வழக்கிலே சமஷ்டி நீதிபதி ஹென்லி முன் வந்தன. அவர் தனியொரு காவலனது கொடுமையைக் கண்டிப்பதோடு அமைந்திலர். மாநிலத்தின் சிறை முறை முழுவதுமே கொடிய தண்டனையை விலக்கும் அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்த்தார். ஒரு மாநிலத்தின் சிறை முறை முழுவதும் இவ்வாறு தள்ளப்பட்டது அமெரிக்க வரலாற்றில் அதுவே முதன்முறை. பணமில்லை என்னும் விடையை அவர் ஏற்கவில்லை. சிறையை நடாத்துவதாயின் அரசியலமைப்புக்கு இயைய நடாத்துதல் வேண்டும் என்பதே அவர்தம் தீர்ப்பின் சாரம். 1978 இலே மீயுயர் நீதிமன்றமும் அவ்வழக்கின் தொடர்ச்சியை விசாரித்து, தண்டனைத் தனிமை முப்பது நாளைக் கடத்தலாகாது என்ற கட்டளையை நிலைநிறுத்திற்று.

1979 இலே வேறொரு தீர்ப்பு இக்கொள்கையைத் தெளிவுபடுத்திற்று. கலிபோர்னியாவின் சான் குவென்ரின் சிறையிலே சில கைதிகள் நான்கு ஆண்டுக்கு மேலாக வெளிமுற்றத்துக்கு விடப்படாதிருந்தனர். செலவும் வசதியீனமும் கொடுமைக்குச் சமாதானமாகா என அவ்வழக்கைத் தீர்த்த நீதிபதி அந்தனி கென்னடி எழுதினார். இங்கிலாந்திலும் 1982 இலே பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், சட்டத்தால் வெளிப்படையாகவோ இன்றியமையா வகையிலோ பறிக்கப்பட்ட உரிமைகள் ஒழிந்த ஏனையவெல்லாம் கைதிக்கு உரியனவே என உரைத்தனர். அடிமை என்ற பழைய கொள்கை இவ்வாறு சட்டத்தளவில் அகன்றது.

உலக நாடுகளும் இவ்விடயத்தில் வாளாவிருந்தில. 1955 இலே ஜெனீவாவிற் கூடிய ஐக்கிய நாடுகள் மகாநாடு கைதிகளை நடாத்துதற்குரிய குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. வெளியே தொழில் செய்யாத கைதி ஒவ்வொருவனுக்கும் காலநிலை இடந்தரின் நாடோறும் ஒரு மணி நேரமேனும் திறந்த வெளியிலே தேகப்பயிற்சி அளித்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 2015 இலே பொதுச்சபை அவ்விதிகளைத் திருத்தி, இருபத்தேழு ஆண்டு சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரை அவற்றுக்குச் சூட்டிற்று. நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ பொருளுள்ள மனிதத் தொடர்பின்றி ஒருவனை அடைத்துவைத்தல் தனிமையடைப்பு எனவும், தொடர்ந்து 15 நாளைக் கடக்கும் தனிமையடைப்பு விலக்கப்பட்டது எனவும் அவ்விதிகள் கூறுகின்றன. இவ்வரைவிலக்கணம் அடைப்பின் காரணத்தை வினவுவதில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். தண்டனைக்காக அடைத்தாலும், காவலர் இல்லாமையால் அடைத்தாலும், அடைபட்டவனுக்கு மணிக்கணக்கு ஒன்றே.

ஆங்கிலத்திலே 'லொக்டவுண்' என வழங்கும் அறையடைப்பு ஈண்டே முதன்மை பெறுகின்றது. கலகம் மூண்ட வேளையிலோ கத்தி முதலிய ஆயுதங்களைத் தேடும் வேளையிலோ கைதிகள் யாவரையும் சிற்றறைகளுள் இட்டுப் பூட்டுதல் சிறை நிருவாகத்திற் பழைய வழக்கம். அது நாளளவில் முடிவதாயின் எவரும் குறை கூறார். ஆயின், கைதிகள் பெருகிக் காவலர் குறையவே, அவசரத்துக்கென அமைந்த இம்முறை அன்றாட முறையாயிற்று. 2006 ஆம் ஆண்டில் மட்டும் கலிபோர்னியாச் சிறைகளில் 449 அறையடைப்புகள் விதிக்கப்பட்டன. அவற்றின் சராசரிக் காலம் 12 நாள். 60 நாளோ அதற்கு மேலோ நீடித்தவை 20. மருத்துவர், தாதியர் பதவிகளும் பல வெற்றிடமாயிருந்தன. மனநோய் மருத்துவர் பதவிகளிற் பாதிக்கு மேல் நிரப்பப்படவில்லை. 80,000 பேருக்குக் குறைவானோர்க்கென அமைந்த சிறைகளில் ஏறத்தாழ 156,000 பேர் அடைபட்டிருந்த காலமும் உண்டு. 2011 இலே பிரவுன் எதிர் பிளாற்றா என்னும் வழக்கில், கைதிகளின் தொகையை அமைப்பளவின் 137.5 வீதத்துக்குக் குறைக்கும்படி விடுத்த கட்டளையை மீயுயர் நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் உறுதிப்படுத்திற்று. அத்தீர்ப்பை எழுதியவர், முப்பத்திரண்டு ஆண்டின் முன் சான் குவென்ரின் கைதிகளுக்கு வெளிமுற்றத்தை வழங்கிய அதே கென்னடியே.

எனினும், கைதியின் வழி எளிதாயிற்று எனக் கொள்ளுதல் பிழையாகும். 1991 இலே வில்சன் எதிர் சைற்றர் என்னும் வழக்கில், சிறையின் நிலை கொடியது என்று காட்டுதல் மட்டும் போதாது, அதிகாரிகள் அறிந்தே அலட்சியஞ் செய்தனர் என்பதையும் கைதி நிறுவுதல் வேண்டும் என மீயுயர் நீதிமன்றம் விதித்திருந்தது. சட்டமன்றம் பணம் ஒதுக்கவில்லை, யாம் என் செய்வோம் என அதிகாரி கூறித் தப்புதற்கு இது வழி திறக்கும் என நீதியரசர் வைற் அன்றே எச்சரித்தார். சட்டமன்றமோ சிறையை நடாத்துவது தானன்று என்று கூறும். இருவர்க்கும் இடையே பொறுப்பு மறைந்துபோகக் கைதி மட்டும் பூட்டிய அறையுள் எஞ்சி நிற்பான்.

அவ்வெச்சரிக்கையின் பொருளை விஸ்கொன்சின் மாநிலத்தின் வோபன் சிறை விளக்கிற்று. 1853 இலேயே மரண தண்டனையை ஒழித்த பெருமை அம்மாநிலத்துக்கு உண்டு. வோபன் சிறையும் அக்காலத்தே எழுந்தது. 2023 மார்ச்சு மாதத்தில் அச்சிறையின் கைதிகள், ஏறத்தாழ ஆயிரவர், சிற்றறைகளுள் அடைக்கப்பட்டனர். காவலர் பதவிகளிற் பாதிக்கு மேற்பட்டவை அவ்வாண்டில் வெற்றிடமாயின. அடைப்பு ஓராண்டைக் கடந்தும் முற்றாக நீங்கவில்லை. உறவினரை நேரிற் காண்டல், முற்றத்தில் உலவல், நூலகஞ் செல்லல், மருத்துவம் பெறல் ஆகிய யாவும் தடைப்பட்டன அல்லது சுருங்கின. 2023 ஒக்டோபரிற் கைதிகள் சமஷ்டி நீதிமன்றத்தை நாடினர். 2023 யூன் முதல் 2024 பெப்ரவரி வரை அச்சிறையில் நால்வர் இறந்தனர். அவருள் ஒருவர் நீர்ச்சத்து வற்றி மாண்டார். 2024 யூன் மாதத்திலே சிறைத் தலைவர்மீதும் ஊழியர் எண்மர்மீதும் குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. பெரிய ஏரிகள் சூழ்ந்த, நன்னீர் மலிந்த ஒரு நாட்டிலே, அரசின் காவலில் இருந்த மனிதன் நீரின்றி மாளுதல் எத்தகைய பேரவலம்!

இவ்விடத்தே காவலரின் நிலையையும் நோக்குதல் நடுநிலையாளர் கடனாகும். ஆள் குறைந்த சிறையிலே எஞ்சிய காவலன் எட்டு மணி நேரக் கடமை முடிந்ததும் வீடு செல்லல் இயலாது; அடுத்த எட்டு மணி நேரமும் நிற்குமாறு பணிக்கப்படுவான். களைத்தவன் பதவியை விடுவான். அவன் விட்ட சுமை மற்றவன் தோளில் ஏறும். முன்பு கைதிகள் தாமே உணவுச்சாலைக்கு நடந்து சென்றனர். அடைப்புக் காலத்திலோ உணவுத் தட்டுக்களை அறைதோறும் சுமந்து கொடுக்க வேண்டும். ஆட்குறையால் வந்த அடைப்பு வேலையைப் பெருக்கி, மேலும் ஆட்குறையை விளைவிக்கின்றது. அடைபட்டோர் சினமும் நோயும் மிகுவதால் கதவைத் திறத்தல் மேலும் ஆபத்தாகின்றது. சிலராய் நிற்கும் காவலர் பலரை ஒருங்கே வெளிவிட அஞ்சுதல் இயல்பே. ஆதலின், கைதியின் உரிமையும் காவலனின் நலனும் ஒன்றுக்கொன்று பகையல்ல. 2023 இலே விஸ்கொன்சின் அரசு புதுக் காவலரின் தொடக்க ஊதியத்தை மணிக்கு ஏறத்தாழ 20 டொலரினின்றும் 33 டொலராக உயர்த்திற்று. அதன்பின்னரே வெற்றிடங்கள் குறையலாயின.

இவ்வரலாற்றினின்றும் பெறப்படும் முடிபு தெளிவானது. நீதிமன்றம் ஒருவனுக்கு விதிப்பது சுதந்திர இழப்பு. தனிமையும் நோயும் பித்தும் அத்தீர்ப்பில் எழுதப்பட்டனவல்ல. காவலர் இல்லாக் காரணத்தால் அவற்றைச் சுமத்தும் அரசு, குற்றமின்றியும் விசாரணையின்றியும் இரண்டாவது தண்டனை ஒன்றை விதிக்கின்றது. அதற்குப் பரிகாரம் இரண்டே. ஒன்று, ஹவாட் கேட்டவாறு காவலர்க்குத் தக்க ஊதியம் கொடுத்துப் போதிய ஆட்களை நியமித்தல். மற்றையது, பிளாற்றா வழக்கிற் போன்று, காத்தற்கு இயலாத தொகையினரைச் சிறையில் அடையாது விடுதல். மூன்றாம் வழியாகப் பூட்டை மட்டும் நம்பியோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் இறுதியில் மரண விசாரணைக்கே விடை கூற வேண்டியவராயினர். பெட்போட் நீதவான்கள் ஹவாட்டிடம் முன்மாதிரி கேட்ட காலத்தில் அவரிடம் காட்டுதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழிந்த இக்காலத்திலோ, சிறைக்குப் பொறுப்பானவர் எவரும் முன்மாதிரி இல்லை என்று கூறல் இயலாது.